ஆஷ்டன் கால்வாயில் ஒரு சிரமதானம்

திருவிழா நெருங்கும்போது கோயிற் கேணியை இறைத்துச் சேறு அள்ளுவது நம்மவர்க்குப் பழகிய தொண்டு. திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் ஏந்திய உழவாரப்படையை நினைந்து அதனைச் செய்வோர் பலர். ஆங்கிலேயர்களும் ஒரு நீர்நிலைக்காக, கூலி எதுவும் பெறாமல், அவ்வாறே சேற்றில் இறங்கியதுண்டு. அது நடந்தது 1968ஆம் ஆண்டில், மன்செஸ்டர் நகரின் ஓரத்தில். பலரும் கைவிட்டிருந்த ஒரு கால்வாய் அத்தொண்டினாற் பிழைத்தது. அக்கால்வாயின் பெயர் ஆஷ்டன்.

மன்செஸ்டருக்கும் கால்வாய்களுக்கும் உள்ள உறவு பழையது. 1761இல் பிரிஜ்வாட்டர் பிரபு தமது சுரங்கத்து நிலக்கரியைக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டுவித்தார். அதனால் நகரில் நிலக்கரியின் விலை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. கரடுமுரடான பாதையில் வண்டி இழுக்கத் திணறிய குதிரை, நீரிலே 25 தொன் பாரம் ஏற்றிய படகை இலகுவாக இழுத்தது. இதைக் கண்ட வணிகர்கள் நாடெங்கும் கால்வாய் வெட்ட முற்பட்டனர். ஆஷ்டன் கால்வாய்க்கான சட்டம் 1792இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மன்செஸ்டரிலிருந்து கிழக்கே ஆஷ்டன் நகர் வரை சுமார் 6 மைல் நீளம். ஏற்றத்தைக் கடக்க 18 நீர்ப்பூட்டுகள். நீர்ப்பூட்டு என்பது இரு முனையிலும் பெருங்கதவுகள் அமைந்த கற்றொட்டி. கதவுகளை மூடி உள்ளே நீரை நிரப்பினால் படகு மேலெழும்; நீரை வடித்தால் கீழிறங்கும்.

ஆஷ்டனிலிருந்து பீக் ஃபொரஸ்ட் கால்வாய் தெற்கே சென்று, டார்பிஷயர் மலைகளின் சுண்ணாம்புக் கல்லை நகருக்குக் கொண்டு வந்தது. வழியில் மார்ப்பிள் என்னுமிடத்தில் கொய்ட் ஆற்றுக்கு மேலே, ஏறத்தாழ 100 அடி உயரத்தில், மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலத்தின்மீது அக்கால்வாய் செல்கிறது. பெஞ்சமின் ஊட்ரம் என்ற பொறியியலாளரின் கைவண்ணம் அது.

பின்னர் புகையிரதம் வந்தது. 1840களின் பிற்பகுதியில் இவ்விரு கால்வாய்களும் ஒரு புகையிரதக் கொம்பனியின் கைக்கு மாறின. இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் லொறிகள் மிஞ்சியிருந்த பாரத்தையும் பறித்துக்கொண்டன. 1960களின் தொடக்கத்தில் ஆஷ்டன் கால்வாயில் படகு செல்ல இயலாத நிலை வந்துவிட்டது. கதவுகள் உழுத்தன. ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் பின்னால் கிடந்த நீர், வேண்டாத பொருளையெல்லாம் எறியும் குப்பைத் தொட்டியாயிற்று. அக்காலத்திலேதான், கடுங்குளிரின் பின், மார்ப்பிள் பாலத்தின் பக்கச் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செஷயர் கவுண்டி சபை பொருளுதவி செய்ய முன்வந்ததால் பாலம் இடிக்கப்படாமற் திருத்தப்பட்டது. ஆயினும் கால்வாயின் கதி என்னவென்று எவருக்கும் தெரியவில்லை.

நிரப்பி மூடிவிடுவதே நல்லது என்ற குரல் பலமாக எழுந்தது. அதனைத் தவறென்று எளிதில் தள்ளிவிட முடியாது. சேறும் குப்பையும் நிறைந்த நீரின் ஓரத்திலே தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் விளையாடினார்கள். பிள்ளை தவறி விழுந்துவிடுமோ என்று தாய்மார் அஞ்சியது நியாயமே. தேங்கிய நீர் சுகாதாரத்துக்கும் கேடு. மறுபக்கத்தார் கூறியது வேறு: கேடு நீரினால் வந்ததன்று, கவனிப்பின்மையால் வந்தது. நீரை ஓடச் செய்து, கரையைத் திருத்தி, ஆட்கள் நடமாடும் இடமாக்கினால் அபாயம் குறையும். மூடினாலும் கால்வாயில் வந்து விழும் வடிகால் நீருக்கு வேறு வழி செய்தே ஆகவேண்டும். ஆகவே மூடுவதும் இலவசமன்று. நோயாளியை மாய்ப்பது நோய்க்கு மருந்தாகாது என்பதே அவர்களது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை முன்வைத்தோருள் முதன்மையானது உள்நாட்டு நீர்வழிகள் சங்கம். எழுத்தாளர் ராபர்ட் எய்க்மன், பொறியியலாளர் எல். ரி. சி. ரோல்ட் ஆகியோர் முன்னின்று 1946இல் தொடங்கிய சங்கம் அது. 1964இல் பீக் ஃபொரஸ்ட் கால்வாய்ச் சங்கமும் உருவாயிற்று. ஆஷ்டன் கால்வாய் தனித்த ஒன்றன்று என்பதை இவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆறு கால்வாய்கள் சேர்ந்து 97 மைல் நீளமான ஒரு வட்டமாக அமைந்திருந்தன. செஷயர் வட்டம் என்பது அதன் பெயர். அவ்வட்டத்தின் மற்றொரு கண்ணி, மன்செஸ்டர் நகர் நடுவே செல்லும் ரொச்டேல் கால்வாய். அதனைக் கைவிட 1965இல் சட்டம் கொண்டுவரப்பட்டபோது, சங்கத்தார் எதிர்த்து மனுச் செய்து ஒரு விதியைச் சேர்ப்பித்தனர். ஆஷ்டன் கால்வாய் கைவிடப்படும்வரை ரொச்டேலின் நகரப் பகுதியும் பேணப்படவேண்டும் என்பதே அவ்விதி. ஆஷ்டன் போனால் ரொச்டேலும் போகும், வட்டமே அறுந்துவிடும். 1968ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டமோ ஆஷ்டனை எஞ்சிய நீர்வழிகளின் பட்டியலிலே தள்ளியது. அத்தகைய நீர்வழியில் படகு செல்ல வழிசெய்யும் கடமை அரசுக்கு இல்லை.

மனுக்களும் கூட்டங்களும் போதா என்று கண்ட இளைஞர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். கிரஹம் பாமர் என்பவர் 1966 முதல் ஒரு சிறு பத்திரிகை வாயிலாக நாடெங்குமுள்ள தொண்டர்களை ஒன்றிணைத்து வந்தார். 1968 செப்டெம்பரில் ஒரு வார இறுதியில் ஏறத்தாழ 600 பேர் ஆஷ்டன் கால்வாய்க்கு வந்து சேர்ந்தனர். அவர்களுட் பலர் அவ்வூரவர் அல்லர். தூர இடங்களிலிருந்து தம் செலவில் வந்தவர்கள். இரண்டு நாட்களில் அவர்கள் அள்ளிய குப்பை சுமார் 2000 தொன். அதனாற் கால்வாய் உடனே திறந்துவிடவில்லை. ஆனால் மூடவேண்டிய சாக்கடை என்று கருதப்பட்ட இடத்திலே பழைய கால்வாய் கண்ணுக்குத் தெரிந்தது. ஊராரும் சபையினரும் அதைப் பார்த்தார்கள். வாதங்களால் ஆகாததை அக்காட்சி செய்தது.

1970இல் இத்தொண்டர்கள் நீர்வழி மீட்புக் குழு என்ற அமைப்பாயினர். உள்ளூராட்சிச் சபைகளும் நீர்வழிகள் சபையும் செலவைப் பங்கிட இசைந்தன. 1972 மார்ச்சில் இரண்டாவது பெரும் சிரமதானம் நடந்தது. இம்முறை வந்தவர்கள் சுமார் 1000 பேர். அள்ளியது 3000 தொன். புதிய கதவுகள் பொருத்தப்பட்டன, ஆழமும் திருத்தப்பட்டது. 1974ஆம் ஆண்டு ஆஷ்டனும் பீக் ஃபொரஸ்டும் படகுகளுக்குத் திறக்கப்பட்டன. செஷயர் வட்டம் மீண்டும் முழுமை பெற்றது.

இவ்வெற்றியைக் கண்ட பிறருக்கும் துணிவு வந்தது. அதே 1974இல் ரொச்டேல் கால்வாய்க்கும் ஹடர்ஸ்ஃபீல்ட் கால்வாய்க்கும் தனித்தனிச் சங்கங்கள் தோன்றின. அவை ஏற்ற சுமை இன்னும் பெரிது. ரொச்டேல் கால்வாயைப் பெருந்தெருக்கள் குறுக்கே அடைத்திருந்தன. ஓரிடத்தில் அதன்மீது கடையொன்றும் கட்டப்பட்டிருந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் 2001இலும் ரொச்டேல் 2002இலும் முழுமையாகத் திறக்கப்பட்டன. தொடங்கியபோது இளைஞராயிருந்தோர் முடிவைக் காணும்போது தலை நரைத்திருந்தனர்.

இன்று ஆஷ்டன் கால்வாயின் ஓரமாக நடப்போர் மன்செஸ்டரின் பெரிய உதைபந்தாட்ட அரங்கைக் கடந்து செல்கின்றனர். 2002ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுக்கென எழுந்த அரங்கு அது. 2012 முதல் இக்கால்வாயை ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகிறது. ஒருமுறை மீட்டால் வேலை முடிந்ததென்பதில்லை. கதவு உழுக்கும், சேறு படியும், குப்பை மீண்டும் வந்து விழும். ஆகவே இன்றும் தொண்டர்கள் வேண்டும்.

கோயிலைக் கட்டுவோரின் பெயர் கல்லில் நிற்கும். கேணியிற் சேறு அள்ளியவரின் பெயர் எங்கும் நிற்பதில்லை. ஆஷ்டனில் இறங்கிய அறுநூற்றுவரின் கதையும் அதுவே. அவர்கள் விட்டுச்சென்றது ஓடும் நீர். அந்நீர் தேங்காமல் இருக்கும்வரை அத்தொண்டும் வாழும்.