சீமாறும் கரண்டியும்: கொங்கு நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வேலைப் பங்கீடும் குழந்தைகளின் பாதுகாப்பும்

2022 நவம்பரில் ஈரோடு மாவட்டம் பெருந்துறையை அடுத்த பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி மாணவன் ஒருவன் டெங்குக் காய்ச்சலில் படுத்தான். எங்கே கொசு கடித்தது என்று தாய் விசாரித்தபோதுதான், பள்ளிக் கழிப்பறையைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவந்ததை அவன் சொன்னான். பட்டியல் சாதிப் பிள்ளைகளிடமே அந்த வேலை வாங்கப்பட்டது என்பது பெற்றோரின் புகார். தலைமையாசிரியர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். இதில் என்னை அதிகம் வருத்துவது அந்தப் பிள்ளை அதுவரை வாய் திறக்காமல் இருந்ததுதான். வீட்டில் போய் முறையிட வேண்டிய சங்கதியாகவே அது அவனுக்குப் பட்டிருக்காது.

இதன் மறுபக்கத்தை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கொங்கு நாடு கண்டிருந்தது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக மாற்றலாகி வந்தவர் அருந்ததியர் சமூகப் பெண். அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். போராட்டம் எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவாயிற்று. தீர்ப்பு வர ஏழாண்டுகள் ஆயின. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்கு 2 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அன்று பள்ளியில் படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்குள் படிப்பை முடித்து வெளியேறியிருப்பார்கள்.

பள்ளிப் பாதுகாப்பு என்றதும் சுற்றுச்சுவர், கண்காணிப்புக் கேமரா, குழந்தைகள் உதவி எண் 1098 என்று பேச்சு போகிறது. அவை வேண்டியவையே. ஆனால் மேற்சொன்ன இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஓரிடத்தில் சிறுவனின் கையில் சீமாறு திணிக்கப்படுகிறது. இன்னோரிடத்தில் பெண்ணின் கையிலிருந்து கரண்டி பிடுங்கப்படுகிறது. கழிவைத் தொடும் கை சோற்றைத் தொடக்கூடாது என்ற ஒரே விதிதான் இரண்டையும் நடத்துகிறது. கொங்குப் பகுதியில் விளிம்புநிலைப் பிள்ளையின் பாதுகாப்பு முதலில் இழக்கப்படுவது பள்ளிக்குள் நடக்கும் இந்த வேலைப் பங்கீட்டில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதி எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரிக் காட்டையும் நம்பிய கொங்கு வேளாண்மை, வருடக் கூலிக்கு அமர்த்திய ஆட்களைக் கொண்டு பண்ணையம் நடத்தியது. அவர்களில் மிகப் பலர் அருந்ததியர். ஆடு மேய்க்கவும் சாணி அள்ளவும் பிள்ளைகளையும் சிறு வயதிலேயே பண்ணையத்தில் விட்டார்கள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ அந்தப் பிள்ளைகளின் உலகத்தைச் சொல்லும் நாவல். நகரங்களிலோ துப்புரவுப் பணி அதே சமூகத்தின் தலையில் விழுந்தது. விசைத்தறியும் பனியன் கம்பெனியும் வந்தபின் பண்ணையம் தளர்ந்துபோனது உண்மை. அருந்ததியர் குடியிருப்பான வளவுக்கும் ஊருக்கும் இடையிலான வேலைக் கணக்கு மட்டும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கல்வியிலும் வேலையிலும் இச்சமூகம் பின்தங்கியிருப்பதை ஏற்றுத்தான் 2009இல் தமிழக அரசு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. கல்லூரி வாசலில் கிடைக்கும் அந்த இடத்தை எட்டவேண்டிய பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் கற்றுக்கொள்வது தன் கைக்கு உரிய வேலை எது என்பதையா?

இங்கே ஒரு மறுப்பு எழும். ஜப்பானியப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் கூட்டித் துடைக்கிறார்கள். காந்தியின் ஆதாரக் கல்வியும் தூய்மைப் பணியைப் பாடமாகவே வைத்தது. பிள்ளைகள் சீமாறு எடுத்தால் என்ன தவறு? மறுப்பு நேர்மையானது, பதிலும் அதற்கேற்ப இருக்க வேண்டும். வகுப்பறையை எல்லாரும் முறை வைத்துக் கூட்டட்டும், ஆசிரியர் உட்பட. ஆனால் சீமாறு பிறப்போடு ஒட்டிய ஊரில், முறைப் பட்டியல் எழுதாமல் ‘நீ போ’ என்று கை காட்டும் ஒவ்வொரு தடவையும் சாதியே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். கழிப்பறையைக் கழுவும் வேலையை எந்தக் குழந்தைக்கும் தரக்கூடாது. அதற்கு முறையான ஊதியத்தில் ஆள் வேண்டும். போதிய கூலி ஒதுக்காத பள்ளியில் அந்த வேலை கடைசியில் யார் தலையில் விழும் என்பதைப் பாலக்கரை சொல்லிவிட்டது.

நாங்குநேரியில் பள்ளி மாணவரிடையே நடந்த சாதி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, மாணவரின் சாதி விவரத்தை வகுப்பில் வெளிப்படுத்தாமல் காப்பது உள்ளிட்ட பல நல்ல பரிந்துரைகளைச் செய்தது. ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு: ஒன்றியந்தோறும் பொதுச் சமையற்கூடம் அமைத்து அங்கிருந்து பள்ளிகளுக்கு உணவு அனுப்புவது. நிர்வாகத்துக்கு இது எளிது. ஆனால் சமைத்தவர் யார் என்று தெரியாததால் மட்டுமே உண்ணப்படும் சோறு தீண்டாமையை அப்படியே விட்டுவைக்கும். சத்துணவுப் பணி நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டதன் நோக்கமே, அந்தக் கை எல்லாப் பிள்ளைகளின் கண்முன்னும் பரிமாற வேண்டும் என்பதுதான் என நான் கொள்கிறேன்.

அதிகாரிகள் ஏன் முதலில் சமையலரை மாற்றுகிறார்கள்? டி.சி. வாங்கிவிடுவோம் என்ற மிரட்டல் சிறிய பள்ளியை உலுக்கிவிடும். மெட்ரிக் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வரும் இந்நாளில் வசதியுள்ள பெற்றோருக்கு அது வெற்று மிரட்டலும் அல்ல. வளவுப் பெற்றோருக்கோ போக வேறிடமில்லை. இந்தச் சமனின்மையை ஈடுகட்டத்தான் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் விகிதத்துக்கேற்ப இடம் வேண்டும் என்கிறது. கழிப்பறைத் தூய்மைக்கு வந்த பணம், அதற்கு அமர்த்திய ஆள், சமையலர் நியமனம் ஆகிய மூன்றையும் அந்தக் குழு மாதந்தோறும் பெயர் சொல்லிக் கேட்டுப் பதிய வேண்டும். குழுவின் வளவுப் பெற்றோர் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படுகிற வரை இது நடக்காது.

2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இதில் ஒரு கூர்மையைச் சேர்த்திருக்கிறது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அங்கே உண்டார். சட்டம் பாயும் என்றும் எச்சரித்தார். திருமலைக்கவுண்டன்பாளையத்தில் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதுதான். காலை உணவு சமைக்க அமர்த்தப்படுபவர் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு தட்டு தள்ளிவைக்கப்படும்போது, சமைத்தவளின் பிள்ளையும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறது.