ஹீட்டருக்குத் தனி விலை

1959 ஆகஸ்டில் மினி கார் விற்பனைக்கு வந்தது. அடிப்படை மாடலின் விலை, வரியையும் சேர்த்து 497 பவுண்டு. பத்தடி நீளம்தான், ஆனாலும் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். ஹீட்டர் மட்டும் அந்த விலைக்குள் வராது. வேண்டுமானால் தனியாகக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

வருடத்தில் பாதி நாள் குளிரும் ஈரமுமாகக் கழியும் பிரிட்டனில் இது எப்படி நடந்தது? கார்கள் மீது கொள்முதல் வரி கடுமையாக இருந்த காலம் அது. விளம்பரத்தில் போடும் விலையைக் குறைத்துக்காட்ட, கழற்றக்கூடியதையெல்லாம் கம்பெனிகள் கழற்றி 'கூடுதல் வசதி' பட்டியலில் சேர்த்தன. வாங்குபவர்களும் பழகியிருந்தார்கள். தடித்த கோட்டும் மடியில் ஒரு கம்பளியும் இருந்தால் போதும் என்பது முந்தைய தலைமுறையின் வழக்கம். கூரையில்லாத கார்களில் அவர்கள் காலடியில் வெந்நீர்க் குடுவையையோ கரி நெருப்புப் பெட்டியையோ வைத்துக்கொண்டு பயணம் செய்தவர்கள்.

மூடிய கார்கள் பெருகிய 1920களில், எஞ்சின் வீணாக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும் முயற்சிகள் தொடங்கின. அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் ஏ கார்களுக்கு, புகைபோக்கியைச் சுற்றிச் சூடாகும் காற்றைக் குழாய் வழியே உள்ளே விடும் ஹீட்டர்கள் கிடைத்தன. மின்சாரமே தேவையில்லை. ஆனால் புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால் சூட்டோடு விஷவாயுவும் உள்ளே வரும். ரேடியேட்டர் வெந்நீரை டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், பின்னால் மின்விசிறி வைத்து ஊதும் முறை 1930களில் பரவியது. ஹீட்டர் மோட்டார் காருக்குள் நிலையாக இடம்பிடித்தது இப்படித்தான். நாஷ் கம்பெனி 1938இல் வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே விடும் அமைப்பைக் கொண்டுவந்தது. மறு வருடமே அதற்குத் தெர்மோஸ்டாட்டும் சேர்த்து 'வெதர் ஐ' என்று பெயரிட்டது. இன்றைய கார்களில் இருக்கும் அமைப்புக்கு அதுவே மூதாதை.

பிரிட்டன் இதில் மெதுவாகத்தான் நடந்தது. 1948இல் வந்த மோரிஸ் மைனரின் முதல் எஞ்சினில் தண்ணீர் பம்ப்பே கிடையாது. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அது ஓடியது. பம்ப் வந்த பிறகுதான் அந்தக் காருக்கு ஹீட்டர் சாத்தியமானது. ஸ்மித்ஸ் கம்பெனியின் ஹீட்டர்கள் அப்போது பிரிட்டிஷ் கார்களில் பரவலாகப் பொருத்தப்பட்டன. நகையும் கடிகாரமும் விற்ற லண்டன் கடையாகத் தொடங்கி, ஸ்பீடோமீட்டர் வழியாகக் கார் தொழிலுக்குள் நுழைந்த நிறுவனம் அது.

மோட்டாருக்கு வேண்டிய மின்சாரம் இன்னொரு கதை. பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களின் மின்சாமான்கள் பர்மிங்காமின் லூகாஸ் கம்பெனியில் இருந்து வந்தன. ஜோசப் லூகாஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மண்ணெண்ணெய் விற்று, சைக்கிள் விளக்கில் பெயர் வாங்கியவர். அவர் கம்பெனியின் சி40 டைனமோ, அறுபதுகளின் கார்கள் பலவற்றில் இருந்தது. அதன் முழுத் திறன் 22 ஆம்பியர் அளவுதான். முகப்பு விளக்குகளும் பின்விளக்குகளும் எரிந்தாலே ஏறக்குறைய பாதி போய்விடும். மிச்சத்தில் இக்னிஷன், வைப்பர், ஹீட்டர் எல்லாம் ஓட வேண்டும். வண்டி சிக்னலில் நிற்கும்போது டைனமோ சார்ஜ் எதுவும் தராது. முழுச் சுமையும் பேட்டரி தலையில். மழை பெய்யும் குளிர்கால மாலையில், லண்டன் நெரிசலில் ஹீட்டரைப் போட்டுவிட்டு நின்றவருக்கு மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை நியாயமானதே. ஹீட்டரைக் கட்டாய வசதியாக்கத் தயங்கியதற்கு விலை மட்டும் காரணம் இல்லை என்று சொல்ல இது இடம் தருகிறது.

1962 டிசம்பரில் தொடங்கிய குளிர், 1740க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட கொடிய குளிர்காலமாக அமைந்தது. அதே 1962இல் அறிமுகமான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் உள்நாட்டு விற்பனையில் ஹீட்டருக்குத் தனி விலைதான்.

அந்தக் காரின் ஹீட்டர் ஒயரிங்கைப் பார்த்தால் லூகாஸ் கம்பெனியின் ஒழுங்கு தெரியும். பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேராக வருவது பழுப்பு ஒயர். இக்னிஷன் சாவி திருப்பினால் உயிர் பெறுவது வெள்ளை. அந்த வெள்ளை, 35 ஆம்பியர் ஃப்யூஸைத் தாண்டியதும் பச்சையாகிவிடும். வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, ஹீட்டர் எல்லாம் பச்சைக் குடும்பம். பச்சை ஒயர் சுவிட்சுக்குப் போகும், அங்கிருந்து மோட்டாருக்குப் போகும், மோட்டாரில் இருந்து கறுப்பு ஒயர் காரின் உடலில் முடியும். ஒரு நிறத்தைப் பார்த்தாலே அதன் ஊரும் உறவும் புரிந்துவிடும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பிற்கால மெக்கானிக்குகளுக்குச் செய்த பெரிய உதவி இது.

ஆனால் ஹீட்டர் பின்னால் சேர்ந்த பொருள் என்பதால் எல்லாக் கார்களிலும் இந்த ஒழுங்கு இருக்காது. டீலர் கடையில் பொருத்தியவர் அருகில் கிடைத்த ஒயரில் இருந்து இணைப்பு எடுத்திருப்பார். ஐம்பது அறுபது வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது, வரைபடம் ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று சொல்லும். வண்டி சொல்வதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பேட்டரியில் இருக்கிறது. 1930களின் நடுவில் பிரிட்டிஷ் தொழில், பேட்டரியின் பிளஸ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் முறைக்கு மாறியது. இணைப்புகளில் அரிப்பு குறையும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். டிரான்சிஸ்டரும் ஆல்டர்னேட்டரும் வந்த பிறகு அது தொடர முடியவில்லை. எம்ஜிபி 1967இல் ஆல்டர்னேட்டரோடு நெகட்டிவ் எர்த்துக்கு வந்தது. இப்போது பழைய காரை அப்படி மாற்றுபவர்கள் ஹீட்டர் மோட்டாரை மறந்துவிடுகிறார்கள். காந்தப்புலத்தையும் கம்பிச்சுருளே உண்டாக்கும் பழைய மோட்டாரில் பிளஸ் மைனஸ் மாறினாலும் சுழலும் திசை மாறாது. நிலைக்காந்தம் வைத்த மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். உருளை விசிறியாக இருந்தால் காற்று வருவது போலவே இருக்கும், வேகம் மட்டும் இருக்காது. காரணம் தெரியாமல் ஹீட்டர் குழாய்களைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். மோட்டார் ஒயர் இரண்டையும் இடம் மாற்றினால் தீர்ந்துவிடும்.

லூகாஸ் சாமான் என்றாலே கோளாறு என்று பழித்துப் பேசுவது கிளாசிக் கார் உலகில் பழகிப்போன பேச்சு. அது நியாயமில்லை. துருப்பிடித்த எர்த் இணைப்பாலும், பின்னால் வந்தவர்கள் முறுக்கி டேப் சுற்றிய ஒயராலும் நின்றுபோன மோட்டார்கள் ஏராளம். இந்தப் பாரம்பரியத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1961இல் டிவிஎஸ் குழுமத்தோடு லூகாஸ் கைகோத்து உருவான லூகாஸ் டிவிஎஸ், நகரின் பாடிப் பகுதியில் இருந்து வண்டிகளுக்கு மின்சாமான் தந்து வருகிறது.

பழைய கார் ஒன்றின் ஹீட்டரை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் புது மோட்டார் வாங்கும் முன், பேட்டரியின் எந்த முனை உடலில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு கறுப்பு ஒயர் முடியும் இடத்தை உலோகம் தெரியும்வரை தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஃப்யூஸ் இல்லாமல் மட்டும் எதையும் இணைக்காதீர்கள்.