மண்கல் கதையில் விட்டுப்போன பாதி

மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, சூளையே போடாமல் கல் எடுக்கும் முறையைப் பற்றி எதைப் படித்தாலும் கதை சின்வா-ராம் பிரஸ்ஸில்தான் தொடங்கும். 1950களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் இருந்த சின்வா என்ற வீட்டுவசதி ஆய்வு மையத்தில், ரவுல் ராமிரெஸ் என்ற சிலி நாட்டுப் பொறியாளர் வடிவமைத்தது. மையத்தின் பெயரோடு அவர் பெயரில் பாதியும் ஒட்டிக்கொண்டது. ஒரு இரும்புப் பெட்டி, மூடி, நீளமான கைப்பிடி. அவ்வளவுதான், கரண்ட் வேண்டாம். பிறகு நம் பக்கம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974ல் தொடங்கிய அஸ்த்ரா குழு, 1989ல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் என்று கதை நீளும்.

எல்லாம் சரி. அச்சுக்குள் போட்ட கலவையை யார் கலந்தது, எதில் கலந்தது? அதைப் பற்றி ஒன்றிரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

பெரும்பாலும் மண்வெட்டிதான். சலித்த மண்ணைப் பரப்பி, மேலே சிமெண்டைத் தூவி, நிறம் ஒன்றாகிற வரை காய்ந்தபடியே புரட்ட வேண்டும். அப்புறம்தான் பூவாளியில் தண்ணீர், மறுபடி புரட்டல். தண்ணீர் பட்டதும் சிமெண்ட் இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க முடியும். முதுகு ஒடிகிற வேலை. ஆள் களைத்தால் முதலில் குறைவது புரட்டல்தான்.

அது ஏன் ஆபத்து? 100 கிலோ மண்ணுக்கு 5 கிலோ சிமெண்ட் என்று வைத்துக்கொள்வோம். சரியாகப் பரவாவிட்டால் ஒரு கல்லுக்கு 8 போகும், இன்னொன்றுக்கு 2தான் கிடைக்கும். அச்சிலிருந்து வரும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், டெஸ்டிங்கில் மாட்டாத பக், மழையில்தான் மாட்டும்.

சரி, கான்கிரீட் மிக்ஸர் இருக்கிறதே என்று நானும் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். சுழல ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளே வரிசையாக ரவா லட்டு! உடைத்துப் பார்த்தால் வெளியே சிமெண்ட் பூச்சு, உள்ளே பச்சை மண். கான்கிரீட்டில் ஜல்லி உருண்டு விழுந்து கட்டியை உடைக்கும், தண்ணீரும் தாராளம். ஈரப்பதமான களிமண்ணில் இரண்டுமே இல்லை. இதற்குத் தொட்டி அசையக்கூடாது, உள்ளே தகடு சுற்றி மண்ணை வெட்ட வேண்டும்.

அப்படித்தான் வெல்டிங் பட்டறையில் 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, நடுவே தண்டு, அதில் சாய்வாகத் தகடுகள் வைத்தோம். முதலில் மோட்டாரை நேராக பெல்ட்டில் கொடுத்தது என் அவசரம். பாதி சிமெண்ட் காற்றில் போனது. கியர்பாக்ஸ் போட்டு வேகத்தைக் குறைத்த பிறகுதான் கலந்தது.

ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர், "சார், இது நம்ம சுண்ணாம்பு அரைக்கிறதுதானே?" என்றார். வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்க, கல் சக்கரம் சுற்றிச் சுற்றிச் சாந்தை நசுக்கியதே, அது. தொட்டி நிற்கும், கருவி சுற்றும். பொகோட்டாவிலிருந்து தேட ஆரம்பித்தவனுக்கு இது தோன்றவே இல்லை.

தண்ணீர் அளவுக்கு மட்டும் இன்னும் கைதான். ஒரு பிடி பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுகிறோம். நாலைந்து துண்டானால் சரி. பொடியானால் இன்னும் கொஞ்சம் தெளிக்க வேண்டும். உடையாமல் தட்டையாக உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் கூடிப்போச்சு.