பிரெட் புட்டிங்கை ஐஸ்கிரீமா மாத்த முடியுமா? அப்படியே ஃப்ரீசர்ல வெச்சா என்ன ஆகும்? முழு விளக்கம்!

பழைய பிரெட், பால், முட்டை, சர்க்கரை, மேலே கொஞ்சம் உலர் திராட்சை, அன்னாசித் துண்டு. ஓவனில் வைத்து எடுத்தால் பிரெட் புட்டிங் ரெடி. குளிர் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த சூடான இனிப்பு இது. ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு ஆவி பறக்கும் புட்டிங்கை யார் சாப்பிடுவது?

"அதே புட்டிங்கை ஐஸ்கிரீமா மாத்திட்டா?" என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. மாற்றலாம். ஆனால் வெந்த புட்டிங்கைத் தூக்கி ஃப்ரீசருக்குள் வைத்தால் ஐஸ்கிரீம் வராது, கல்தான் வரும். புட்டிங்கைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் குளிருக்குத் தகுந்த மாதிரி தயார் செய்ய வேண்டும். ஏன், எப்படி, அதை விற்றால் என்ன சட்டம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வடசென்னைக்கும் புட்டிங்குக்கும் என்ன சம்பந்தம்?

இராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் கிளம்பியது. ரயில்வே வேலையோடு சேர்ந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இராயபுரம், பெரம்பூர் பக்கம் குடியேறின. பிரெட் புட்டிங், கேரமல் கஸ்டர்ட், கிறிஸ்துமஸ் பிளம் கேக் எல்லாம் அந்தச் சமையலறைகளில் சாதாரணம்.

இன்னொரு சமூகமும் இங்கே உண்டு. பார்சிகளின் அக்னி ஆலயம் இராயபுரத்தில் 1910 முதல் இருக்கிறது. பார்சி கல்யாண விருந்தில் 'லகன் நு கஸ்டர்ட்' என்று ஒரு இனிப்பு போடுவார்கள். பால், முட்டை, ஏலக்காய், ஜாதிக்காய், உலர் பழங்கள் சேர்த்து ஓவனில் வேகவைப்பது. இதுவும் புட்டிங் குடும்பம்தான்.

அப்போ ஐஸ்? அதுவும் கடல் வழியாகத்தான் வந்தது. 1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரடெரிக் டியூடர், உறைந்த ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பிறகு மெட்ராஸுக்கும் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் மெரினா கடற்கரை ஓரம் 'ஐஸ் ஹவுஸ்' கட்டினார்கள். 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அந்தக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகு கப்பல் ஐஸ் வியாபாரம் நின்றுபோனது.

இது புது ஐடியாவா?

இல்லவே இல்லை. ஐரோப்பாவில் 19-ம் நூற்றாண்டிலேயே 'நெசல்ரோட் புட்டிங்' என்று ஒன்று பிரபலம். செஸ்ட்நட் விழுது, கஸ்டர்ட், கிரீம், உலர் பழங்கள் எல்லாம் சேர்த்து உறைய வைப்பது. ரஷ்ய அமைச்சர் நெசல்ரோட் பெயரால் வந்தது. இங்கிலாந்தில் பிரெட் தூளைச் சேர்த்துச் செய்யும் 'பிரவுன் பிரெட் ஐஸ்கிரீம்' இருந்தது. டிசம்பரில் வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவில், கிறிஸ்துமஸ் புட்டிங்கை ஐஸ்கிரீமாகச் செய்வது இன்றும் வழக்கம்.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம தெருவில் மணி அடித்துக்கொண்டு வரும் சேமியா ஐஸ் என்ன? அடுப்பில் கொதித்த சேமியா பாயசம்தான் குச்சியில் உறைந்து நிற்கிறது. சேமியாவில் இருந்து இறங்கும் மாவுச்சத்து பாலைக் கெட்டியாக்கும். அதனால் பால் வெறும் ஐஸ் கட்டியாக இறுகாமல், பல்லால் கடிக்கிற பதத்தில் இருக்கும். சூடான இனிப்பைக் குளிர் இனிப்பாக்கும் வித்தை நமக்குப் பழகியதுதான்.

அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் ஏன் கெட்டுப்போகுது?

மூன்று காரணங்கள்.

முதலில் கஸ்டர்ட். ஓவன் சூட்டில் முட்டையின் புரதம் இறுகி, வலை மாதிரி பின்னி, பாலில் உள்ள தண்ணீரைப் பிடித்து வைக்கும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். பெரிய ஐஸ் துகள்கள் அந்த வலையைக் கிழித்துவிடும். வெளியே எடுத்து வைத்ததும் தண்ணீர் தனியாக, கஸ்டர்ட் தனியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

இரண்டாவது காற்று. ஐஸ்கிரீம் மென்மையாக இருக்க, கடையும்போது உள்ளே போகும் காற்றும் ஒரு காரணம். புட்டிங்கில் அப்படிக் கடைந்த காற்று கிடையாது. ஈரத்தில் ஊறிய பிரெட் உறைந்தால் செங்கல் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது பழம். பழத்தில் பெரும்பகுதி தண்ணீர். உறைந்த அன்னாசித் துண்டைக் கடித்தால் பல் கூசும், ருசி தெரியாது.

இதோடு இன்னொரு விஷயம். நாக்கு மரத்துப்போகிற குளிரில் இனிப்பு குறைவாகவே தெரியும். சூடான புட்டிங்குக்கு அளவாக இருந்த சர்க்கரை, ஐஸ்கிரீமுக்குப் பத்தாது. சர்க்கரைக்கு வேறு வேலையும் உண்டு. கரைந்த சர்க்கரை தண்ணீரை முழுசாக உறைய விடாது. அதனால்தான் ஸ்பூன் உள்ளே இறங்குகிறது.

அப்போ எப்படித்தான் செய்யணும்?

புட்டிங்கை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிரெட், பழம், கஸ்டர்ட். மெஷின் தேவையில்லை. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வரும்.

பிரெட்: 4 ஸ்லைஸை உதிர்த்து, 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் நாட்டுச்சர்க்கரை சேர்த்து, சின்னத் தீயில் நன்றாகச் சிவக்கும் வரை வறுங்கள். ஓவனில் புட்டிங்கின் மேல்பக்கம் முறுகி வருமே, அந்த வாசனை இங்கேதான் கிடைக்கிறது. தூளின் மேல் படிகிற வெண்ணெயும் சர்க்கரைப் பாகும் உள்ளே ஈரம் சீக்கிரம் இறங்காமல் தடுக்கும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். கடலோரக் காற்றில் அரை மணி நேரம் திறந்து வைத்தாலே மொறுமொறுப்பு போய்விடும்.

பழம்: 150 கிராம் அன்னாசியைப் பொடியாக நறுக்கி, 60 கிராம் சர்க்கரையோடு பாகு கெட்டியாகும் வரை வேகவையுங்கள். அடுப்பை அணைத்து, 50 கிராம் உலர் திராட்சையை அந்தச் சூட்டிலேயே ஊறப் போடுங்கள். சர்க்கரை ஏறிய பழம் கல்லாகாது. அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. அதில் உள்ள 'புரோமிலைன்' என்ற நொதி பால் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். அன்னாசி வேண்டாம் என்றால், பாகில் வதக்கிய வாழைப்பழமும் நன்றாகப் பொருந்தும்.

கஸ்டர்ட்: அரை லிட்டர் ஃபுல் கிரீம் பாலை 400 மில்லியாகச் சுண்டக் காய்ச்சுங்கள். 4 முட்டை மஞ்சள் கருவை 120 கிராம் சர்க்கரையோடு அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். திரும்பவும் சின்னத் தீயில் வைத்து, கரண்டியின் பின்புறம் ஒட்டுகிற பதம் வரும் வரை கிளறுங்கள். அது சுமார் 82 டிகிரி செல்சியஸ். 85-ஐத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும். இறக்கி வடிகட்டி, 200 மில்லி ஃபிரெஷ் கிரீம் சேர்த்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இப்போது கஸ்டர்டை அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டி நன்றாக அடியுங்கள். நான்கு தடவை. பெரிய ஐஸ் துகள்கள் உடையும், காற்றும் உள்ளே போகும். கடைசி தடவை பழத்தையும் பிரெட் தூளையும் கலந்து, மூடி போட்டு 6 மணி நேரம் விட்டுவிடுங்கள். சாப்பிடுவதற்கு 5 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

முட்டை வேண்டாதவர்கள் 2 டேபிள்ஸ்பூன் சோள மாவை ஆறிய பாலில் கரைத்துக் காய்ச்சலாம். சேமியா ஐஸ் லாஜிக்தான்!

ஃப்ரீசர் சரியா வேலை செய்யலைன்னா?

பழைய முறை ஒன்று இருக்கிறது. மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு. உப்பு சேர்ந்தால் ஐஸ் உருகும், உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள பொருளில் இருந்து இழுத்துக்கொள்ளும். இந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கக் கூடியது. நடுவில் கஸ்டர்ட் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக்கொண்டே கிளறினால் ஐஸ்கிரீம் திரளும்.

ஒரு எச்சரிக்கை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீனைப் பதப்படுத்தும் ஐஸ் வேறு, சாப்பிடும் ஐஸ் வேறு. மீனுக்கான ஐஸை ஜூஸிலோ கஸ்டர்டிலோ சேர்க்கக் கூடாது. பாத்திரத்தைச் சுற்றி வைப்பதற்கும் குடிநீரில் செய்த ஐஸே நல்லது. ஒரு துளி உள்ளே தெறித்தால்கூட சிக்கல்தான்.

உறைய வெச்சா கிருமி செத்துடும்தானே?

சாகாது. இதுதான் பலர் தவறாக நினைக்கும் இடம். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் குளிரில் பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். உருகினால் மறுபடி பெருக ஆரம்பிக்கும். ஓவனில் வேகும் புட்டிங்கில் சூடே பாதுகாப்பு. ஐஸ்கிரீமில் அந்தக் கடைசிச் சூடு இல்லை. அதனால் கஸ்டர்டை அடுப்பில் ஒழுங்காகக் காய்ச்சுவதுதான் ஒரே பாதுகாப்பு. பச்சை முட்டையை அடித்து அப்படியே உறைய வைக்காதீர்கள்.

கரன்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்க வேண்டாம். ஐஸ்கிரீம் முழுசாக உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்குக் கொடுக்கும்போது இதில் கூடுதல் கவனம் தேவை.

வீட்டில் செய்து விற்றால் 'ஐஸ்கிரீம்'னு போடலாமா?

எல்லாவற்றுக்கும் போட முடியாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ விதிப்படி, 'ஐஸ்கிரீம்' என்றால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 2.5-க்கு மேல் 10-க்குள் இருந்தால் 'மீடியம் ஃபேட் ஐஸ்கிரீம்'. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்தால் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. இந்த வித்தியாசத்தை வைத்து வந்த விளம்பரத்துக்காக அமுல் நிறுவனமும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் 2017-ல் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம்.

மேலே சொன்ன அளவில், பாலைச் சுண்டக் காய்ச்சாமல் விட்டால் கொழுப்பு சுமார் 9 சதவீதம்தான் வரும். சுண்டக் காய்ச்சினால் 10-ஐத் தொடும். இது வீட்டுக் கணக்கு. விற்பதாக இருந்தால் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. கொழுப்பு மட்டுமல்ல, புரதம், எடை ஆகியவற்றுக்கும் அளவு உண்டு.

சின்ன அளவில் விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு கட்டாயம். முட்டை சேர்த்திருந்தால் பேக்கில் அசைவக் குறியீடு வேண்டும். ஜி.எஸ்.டி-யிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஐஸ்கிரீமுக்கான வரி 18-ல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் சிறு வியாபாரிகளுக்கான எளிய 'காம்போசிஷன்' திட்டத்தில் ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்கள் சேர முடியாது. புட்டிங் விற்றவர் ஐஸ்கிரீமுக்கு மாறும்போது, இதை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சுருக்கமா சொன்னா?

* வெந்த புட்டிங்கை அப்படியே உறைய வைக்காதீங்க. பிரெட், பழம், கஸ்டர்ட் என்று பிரிச்சுச் செய்யுங்க.
* பிரெட்டை வெண்ணெயில் முறுக வறுங்க. பழத்தைப் பாகில் வேகவைங்க.
* கஸ்டர்டை 82 டிகிரி வரை காய்ச்சுங்க. உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க.
* விற்கிறதா இருந்தா, பால் கொழுப்பு அளவைப் பார்த்துட்டு லேபிள் அடிங்க.

அடுத்த தடவை வீட்டில் பழைய பிரெட் மிச்சம் இருந்தால், வெயில் நேரத்தில் ஓவனைத் தேட வேண்டாம். ஒரு வாணலியும் ஃப்ரீசரும் போதும்.