இழந்ததும் மீண்டதும்: பிலிப்பைன்ஸ் நாட்டவரின் இரட்டைக் குடியுரிமை

1995ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஹுவான் ஃப்ரிவால்டோ என்னும் மூத்த அரசியல்வாதி தம் சொந்த நாட்டின் குடிமகனாக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். அன்றிரவு எட்டரை மணிக்கு, அவரைவிட ஏறத்தாழ இருபதாயிரம் வாக்குகள் குறைவாகப் பெற்ற ரௌல் லீ, சொர்சொகோன் மாகாணத்தின் ஆளுநராக அறிவிக்கப்பட்டார். வென்றவர் அந்நியர் என்பதே காரணம். இடைப்பட்ட ஆறரை மணி நேரத்தில் அவர் அந்நியராக இருந்தாரா, குடிமகனாகிவிட்டாரா என்பதைத் தீர்மானிக்க அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு ஓராண்டு பிடித்தது.

ஃப்ரிவால்டோவின் கதை விசித்திரமானது. மார்க்கோஸ் ஆட்சியின் பிடியிலிருந்து தப்புவதற்காகவே 1983இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதாக அவர் கூறினார். மார்க்கோஸ் வீழ்ந்த பிறகு ஊர் திரும்பி 1988இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1989இல் நீதிமன்றம் அவர் அந்நியர் என்று பதவியைப் பறித்தது. 1992இல் மீண்டும் வென்றார். 1994இல் மீண்டும் அதே தீர்ப்பு. 1995இல் மூன்றாம் முறையும் சொர்சொகோன் மக்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர். மக்கள் மும்முறை ‘இவர் எம்மவர்’ என்கிறார்கள். சட்டம் இருமுறை ‘இல்லை’ என்றிருக்கிறது. 1996 ஜூனில் நீதிமன்றம் இறுதியாக மக்கள் பக்கம் சாய்ந்தது. குடியுரிமையை மீட்கும் உறுதிமொழி, அவர் விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும் என்று அது கூறிற்று. சட்ட நுணுக்கத்தின் துணையால் நியாயம் வென்ற அரிய தருணங்களுள் இதனையும் ஒன்றாக நாம் கருதுகிறோம்.

ஒரு மனிதர் தம் மண்ணுக்கே அந்நியராவது எங்ஙனம் நேர்ந்தது? இதன் வேர் அமெரிக்க ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அத்தீவுகளைப் பெற்ற அமெரிக்கா, அங்கு வாழ்ந்தவர்களைத் தன் ‘நாட்டவர்’ என்றது. ‘குடிமக்கள்’ என்று சொல்லவில்லை. அமெரிக்கக் கொடியின் கீழ் எங்கும் செல்லலாம், உழைக்கலாம், வாக்களிக்க இயலாது. 1906இல் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குப் பதினைந்து பேர் போய் இறங்கினர். அவர்கள் பின்னே பல்லாயிரவர் சென்றனர். கலிஃபோர்னிய வயல்களும் அலாஸ்கா மீன் ஆலைகளும் அவர்கள் உழைப்பை உறிஞ்சின. 1930இல் சென்று 1956இல் சியாட்டிலில் மறையும் வரை ஊர் திரும்பாத எழுத்தாளர் கார்லோஸ் புலோசான் அத்தலைமுறையின் குரல்.

1934இல் நிறைவேறிய டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பிலிப்பைன்ஸுக்குப் பத்தாண்டுகளில் விடுதலை தருவதாக வாக்களித்தது. அதே சட்டம் அந்நாட்டவரை ஒரே நாளில் அந்நியராக்கி, ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் அமெரிக்காவுக்குள் வரலாகாது என்றது. விடுதலையையும் வெளியேற்றத்தையும் ஒரே தாளில் எழுத அரசுகளால் மட்டுமே இயலும். மறு ஆண்டு, ஊர் திரும்புவோருக்கு இலவசக் கப்பல் பயணம் அறிவித்தனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே ஏறினர்.

1946 ஜூலை 2இல்தான் பிலிப்பைன்ஸ் நாட்டவர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடமளித்தது; இரு நாள் கழித்து அவர்கள் நாடு விடுதலை பெற்றது. ஆனால் தாய்நாட்டின் 1936ஆம் ஆண்டுச் சட்டமோ, வேறு நாட்டுக் குடியுரிமை பெறுவோர் தம் குடியுரிமையை இழப்பர் என்றது. ஆக, ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டாக வேண்டும். 1965க்குப் பின் அமெரிக்கா கதவைத் திறந்தபோது சென்ற செவிலியரும் மருத்துவரும் பொறியாளரும் இந்த விலையைக் கொடுத்தனர்.

மார்க்கோஸ் அரசு 1973இல் இவர்களுக்கு ‘பாலிக்பயான்’ என்று பெயரிட்டு வரவேற்கத் தொடங்கிற்று. ‘பாலிக்’ என்றால் திரும்புதல். ‘பயான்’ என்பதற்கு ஊர் என்றும் நாடு என்றும் பொருள். ‘ஊருக்குப் போகிறேன்’ என்று நாம் சொல்லும்போது அதில் அடங்கும் பாசத்தை அச்சொல் அப்படியே தாங்கி நிற்கிறது. ஆனால் பாலிக்பயான் ஒரு விருந்தாளி. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி விசா இல்லாமல் ஓராண்டு தங்கலாம், அவ்வளவே. வீடு கட்ட நகரத்தில் ஆயிரம் சதுர மீட்டர், நாட்டுப்புறத்தில் ஒரு ஹெக்டேர் என்ற வரம்பும் இருந்தது. தன் தந்தையின் வயலை முழுமையாகத் தன் பெயருக்கு வாங்க முடியாத மகனின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

2003 ஆகஸ்ட் 29இல் அதிபர் குளோரியா மக்கபகால் அர்ரோயோ கையொப்பமிட்ட 9225ஆம் எண் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. பிறவியிலேயே குடிமக்களாக இருந்தவர்கள், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றபின்னும் ஓர் உறுதிமொழியால் பழைய குடியுரிமையைத் திரும்பப் பெறலாம். நிலம் வாங்கும் வரம்பு நீங்கிற்று. தொழில், கடவுச்சீட்டு, கால எல்லையற்ற தங்கல் யாவும் கிடைத்தன. வருமான வரியிலும் பெருஞ்சுமை இல்லை. வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் அங்கு ஈட்டும் பொருளுக்கு 1998 முதலே பிலிப்பைன்ஸ் வரி விதிப்பதில்லை. அமெரிக்காவோ தன் குடிமக்கள் உலகில் எங்கு ஈட்டினாலும் கணக்குக் கேட்கும் நாடு. மணிலாவில் குடியேறினாலும் அக்கணக்கிலிருந்து தப்ப இயலாது.

எனினும் இச்சட்டத்தின் உள்ளே ஒரு முள் உண்டு. 1987ஆம் ஆண்டு அரசியல் சாசனம் ‘இரட்டை விசுவாசம்’ நாட்டு நலனுக்குக் கேடு என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அமெரிக்கக் குடிமகனாகிறவர் பிற நாடுகள் மீதுள்ள பற்றை முற்றும் துறப்பதாகச் சத்தியம் செய்கிறார்; அவரே பின்னர் பிலிப்பைன்ஸின் மேலான அதிகாரத்தை ஏற்பதாக மற்றொரு சத்தியம் செய்கிறார். இரண்டில் எது மெய்? 2007இல் இச்சட்டத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை சாமர்த்தியமானது: இங்கே உறுதிமொழி எடுப்பவர் அங்குள்ள விசுவாசத்தை உள்ளார்ந்து துறக்கிறார்; அந்த இன்னொரு நாடு அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது அந்நாட்டின் கவலை. நமக்கு இவ்விடை முழு நிறைவு தரவில்லை. எனினும் லட்சக்கணக்கானோர் வாழ்வை ஒரு சொல்லின் தூய்மைக்காகப் பலியிட மறுத்த நடைமுறை அறிவை மதிக்கிறோம்.

பதவி வேண்டுவோரிடம் மட்டும் சட்டம் கறாராக இருக்கிறது. தேர்தலில் நிற்பவர் வேட்புமனு அளிக்கும்போது அயல்நாட்டுக் குடியுரிமையைச் சத்தியத்துடன் துறக்க வேண்டும். லானாவ் டெல் நோர்ட்டே மாகாணத்துக் கவுஸ்வாகன் ஊரின் மேயராக 2010இல் வென்ற ரொம்மெல் அர்னாதோ அவ்வாறே துறந்தார். ஆனால் துறந்த பின்னும் பழைய அமெரிக்கக் கடவுச்சீட்டைக் காட்டிப் பயணம் செய்தார். 2013இல் அப்பயணங்களே அவர் பதவியைப் பறித்தன. வாயால் துறந்ததைக் கைப்பை துறக்கவில்லை. 2017இல் வெளியுறவு அமைச்சர் பெர்ஃபெக்தோ யசாய் தம் அமெரிக்கக் குடியுரிமை குறித்த கேள்விக்கு நேரிய விடை தராததால் நியமனக் குழுவால் நிராகரிக்கப்பட்டார்.

வாக்குரிமை எளிதில் வரவில்லை. 2003ஆம் ஆண்டின் அயலக வாக்களிப்புச் சட்டம், வேறு நாட்டில் நிரந்தரமாகக் குடியேறியோர் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வருவதாக உறுதி எழுதித் தரவேண்டும் என்றது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்களைத் தேர்தல் ஆணையம், ஊரில் வசிக்கவில்லை என்று கூறி 2004இல் விலக்கி வைத்தது. 2006 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு அவ்வுரிமையை உறுதி செய்தது. அயலகத்தோர் 2023இல் வங்கிகள் வழியே அனுப்பிய பணம் 3,300 கோடி டாலருக்கும் மேல். பணத்தை ஏற்கத் தயங்காத நாடு, வாக்கை ஏற்க ஏன் தயங்கிற்று என்று கேட்பவர் மீது குறை சொல்ல முடியாது. அதே வேளை, அரசின் விளைவுகளை அன்றாடம் அனுபவிக்கும் ஊர்வாசி, ஆயிரம் காதம் தள்ளி வாழ்பவரின் வாக்கைச் சந்தேகத்துடன் பார்ப்பதிலும் பொருள் உண்டு. வாக்குச் செலுத்துவோர் ஊரின் செய்தியை உழைத்து அறிந்துகொள்ள வேண்டும் என்பது எச்சட்டத்திலும் எழுதப்படாத கடமை.

சட்டத்தின் கருணைக்கும் எல்லை உண்டு. தாய் அமெரிக்கக் குடிமகளான பின் பிறந்த பிள்ளைகள், அவர் உறுதிமொழி எடுக்கும் நாளில் பதினெட்டு வயது நிரம்பாமலும் மணமாகாமலும் இருந்தால் அவருடன் சேர்ந்து குடிமக்களாவர். அயல்நாட்டுக் கணவருக்கு இச்சட்டத்தில் இடமில்லை. பதினாறு வயதுத் தங்கை குடிமகளாகி, தாத்தாவின் நிலத்துக்கு உரிய பங்காளியாகலாம். பத்தொன்பது வயது அண்ணன் பாலிக்பயானாக, ஓராண்டுக்கு மட்டும் முத்திரை குத்திய கடவுச்சீட்டுடன் அதே வாசலில் வந்து நிற்பான்.