சாணவாயுவும் கிராம சமூகமும்: இந்திய வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறு கண்டுபிடிப்புகளின் வரிசையாக மட்டும் எழுதப்படும்போது அது குறைவரலாறாகிவிடுகின்றது. அத்தொழில்நுட்பம் எவர் கைக்கு எட்டியது, எவர் கையிலிருந்து எதனை எடுத்தது என்பனவும் வரலாற்று மாணவனின் வினாக்களேயாம். இந்தியாவிற் சாணவாயு பரவிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1776 ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ற்றா, மஜோரே ஏரிச் சேற்றிலிருந்து எழுந்த எரிவாயுவை ஆராய்ந்தார். இன்று மெதேன் எனப்படுவது அதுவே. வளி புகாத தொட்டியிற் சாணத்தையும் நீரையும் கலந்துவிட்டால், பற்றீரியாக்கள் அதனைச் சிதைத்து ஏறத்தாழ 60 வீதம் மெதேன் கொண்ட வாயுவைத் தருகின்றன. எஞ்சுவது நல்ல பசளை. சாணத்தை வறட்டியாக எரித்தால் அடுப்புக்கு நெருப்புண்டு, வயலுக்குப் பசளையில்லை. சாணவாயுவோ இரண்டையும் அளிக்கின்றது.

இக்கவர்ச்சியே 1930களின் இறுதியில் டெல்லி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். வி. தேசாயின் பரிசோதனைகளுக்கு வழிவகுத்தது. 1950களில் ஜஷ்பாய் பட்டேல் மிதக்கும் உருக்கு மூடியுடைய கலனை உருவாக்கினார். 1960களில் கதர் கிராமக் கைத்தொழில் ஆணைக்குழு அதனைப் பரப்பியது. 1973 இன் எண்ணெய் விலையேற்றம் இம்முயற்சிக்கு வேகமூட்டிற்று. 1978 இல் உருக்கு மூடியைத் தவிர்த்த ‘ஜனதா’ கலன், சீன முறையைத் தழுவி அமைக்கப்பட்டது. 1981 இல் மானியத்துடன் கூடிய தேசியத் திட்டம் தொடங்கியது.

ஆயினும், நாளொன்றுக்கு 2 கன மீற்றர் வாயு பெற ஏறத்தாழ 50 கிலோகிராம் சாணம், அதாவது நாலைந்து மாடுகளின் சாணம், வேண்டும். மாடில்லாத கூலிக் குடும்பத்திற்கு இக்கலன் எட்டாப் பொருளே. அதுமட்டுமன்று: தெருவிலும் தரிசிலும் விலையின்றிப் பொறுக்கப்பட்ட சாணம், கலன் வந்தபின் விலையுள்ள பொருளாகும் அபாயமும் இருந்தது. இழப்பவர் எரிபொருளை அவ்வாறே தேடிய வறிய பெண்கள்.

கர்நாடகத்தின் புரா கிராமம் வேறொரு வழியைக் காட்டியது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தினர் அங்கு அமைத்த பொதுக்கலனின் வாயு எல்லார் அடுப்புக்கும் போதவில்லை. எனவே 1987 முதல் அதனால் இயந்திரம் இயக்கப்பட்டு, குழாய்நீரும் மின்னொளியும் வழங்கப்பட்டன. மாடுடையார் சாணம் கொடுத்துப் பணம் பெற்றனர். மாடில்லாரும் நீர் பெற்றனர்.

இரு வழிகளிலும் பற்றீரியாவின் தொழில் ஒன்றே. வேறுபட்டது உடைமையின் ஒழுங்கு. கலன்களின் தொகையை மட்டும் எண்ணும் வரலாறு இவ்வேறுபாட்டைக் காணாது.