மூணு நாள் பினாங்கு வர்றீங்களா? மலை, ஊர், கடாரம்: நம்ம முன்னோர் விட்டுப் போனதைப் பார்த்துட்டுப் போங்க



தைப்பூசம் நெருங்கிவிட்டால் கோயில் வாசலில் நிற்கும் எங்களைப் போன்ற தொண்டூழியர்களிடம் வெளியூர் பக்தர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "மூணு நாள் இருக்கோம், சாமி கும்பிட்ட பிறகு வேற என்ன பார்க்கலாம்?" கொடிமலை ரயில், கடற்கரை, நாசி கண்டார் என்று சொல்லி அனுப்பிவிடலாம். வந்தவர்களும் சந்தோஷமாகப் போயிடுவாங்க. ஆனால் பினாங்கிலும் பக்கத்துக் கெடாவிலும் மலை, ஊர், பழமை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டின மாதிரி இருக்கு. அந்தக் கயிறு தெரியாமல் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

🔸 முதல் நாள்: தண்ணீர்மலை

எல்லோரும் முதலில் வருவது இங்கேதான். அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படி ஏறணும். மேலே இப்போது இருக்கும் பெரிய கோயிலுக்கு 2012-இல் கும்பாபிஷேகம் நடந்தது. படி ஏறும் பலருக்கும் "தண்ணீர்மலை" என்ற பெயர் ஏன் வந்தது என்று யோசிக்க நேரம் இருப்பதில்லை.

பக்கத்தில் இருக்கும் அருவிதான் காரணம். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் கிழக்கிந்திய கம்பெனிக்காக இந்தத் தீவில் இறங்கினார். துறைமுகம் வளர்ந்தது. வந்து நிற்கும் கப்பல்களுக்கும் ஊருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த அருவித் தண்ணீரைக் கால்வாய் வழியாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வேலைக்கு வந்த நம் ஆட்கள் அருவிப் பக்கத்திலேயே ஒரு வேல் வைத்துக் கும்பிட்டதாகவும், பின்னால் அந்தச் சந்நிதி மலைக்கு இடம் மாறியதாகவும் பெரியவர்கள் சொல்லுவாங்க. வேலை செய்த இடத்திலேயே சாமியை வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கீழே அதே சாலையில் நாட்டுக்கோட்டை செட்டியார் ஆலயம். 1850-களில் கட்டப்பட்டது. அங்கே உள்ள வெள்ளி ரதம் 1894-இல் கடல் தாண்டி வந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள், "செட்டிப் பூசம்" அன்று, ஊருக்குள் பினாங்குத் தெருவில் இருக்கும் கோயில் வீட்டிலிருந்து அந்த ரதம் புறப்படும். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது, அது குயின் தெரு மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து கிளம்பும். இரண்டு ரதம் பற்றியும் ஊரில் ஆளுக்கொரு கருத்து உண்டு, அதை இங்கே பேச வேண்டாம். ரதம் வரும் வழியில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பதைப் பாருங்க. உடைப்பவர்களில் சீனர்களும் நிறைய பேர். தண்ணீர்ப்பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பவர்களிடம் யாரும் இனம் கேட்பதில்லை.

🔸 இரண்டாம் நாள்: காலையில் ஊர், மாலையில் கொடிமலை

ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமானது. வருபவர்கள் சுவர் ஓவியம் முன்னால் வரிசையில் நின்று படம் எடுக்கிறாங்க. எடுக்கட்டும். நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு தெருவை மட்டும் நடந்து பாருங்க: பழைய பிட் தெரு, இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்.

ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில். அதைத் தாண்டினால் பக்கத்துத் தெருவில் நம்ம மகாமாரியம்மன். இன்னும் நடந்தால் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் தொடங்கிய பள்ளிவாசல். நான்கும் நடந்துபோகும் தூரத்தில்.

1801-இல் அம்மன் கோயில் நிலத்தைத் தென்னிந்தியர்களின் தலைவராக இருந்த பெட்டி லிங்கம் செட்டி பெயரில் ஆங்கிலேயர் கொடுத்தார்கள். பள்ளிவாசலின் தொடக்கமும் அதே 1801 தான். சிறு சந்நிதியாக இருந்தது 1833-இல் கோயிலாக எழுந்தது. பினாங்கின் மிகப் பழமையான இந்துக் கோயில் இதுதான். வாசலில் நின்று கோபுரத்தைப் பார்க்கும்போது, எதிரே இருக்கும் தெருக்களில் யார் வாழ்ந்தார்கள் என்றும் நினைச்சுப் பாருங்க.

கிங் தெருவுக்குப் பழைய தமிழர்கள் வைத்த பெயர் "படவுக்காரத் தெரு". கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு இறக்கிய படகோட்டிகள் குடியிருந்த இடம். மார்க்கெட் தெருவுக்குக் "கடைத்தெரு". பினாங்குத் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது கொடுக்கல் வாங்கல் நடந்த பெட்டியடிகள். சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது. அரசாங்கப் பலகையில் ஒரு பெயர், நம் ஆட்கள் வாயில் இன்னொரு பெயர். இப்போது லிட்டில் இந்தியாவில் பாட்டு அலறும், பூக்கடையில் மல்லிகை மணக்கும், தீபாவளி நேரத்தில் நடக்க இடம் இருக்காது. அந்தக் கலகலப்பு சுற்றுலாவுக்காக ஏற்படுத்தியது இல்லை. இருநூறு வருடத்துக்கும் மேலாக அங்கே கடை திறந்தவர்கள், மூட்டை தூக்கியவர்களின் தொடர்ச்சி அது.

நாசி கண்டார் சாப்பிடும்போது ஒரு விஷயம். "கண்டார்" என்றால் தோளில் தண்டு வைத்து இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். நாம் எடுக்கும் காவடியும் அடிப்படையில் அதே தண்டுதானே!

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இந்தியாவிலிருந்து கைதிகளை இங்கே கொண்டுவந்து சாலை போடவும் காடு வெட்டவும் வைத்தார்கள். பிறகு கடலுக்கு அந்தப் பக்கம், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கான தமிழர்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல்தான் ஒழிந்தது. அதற்குப் பிறகும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்து இறங்கினார்கள். தீவுக்குப் பக்கத்தில் தெரியும் புலாவ் ஜெரெஜாக்கில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. வந்தவர்கள் பலர் ஊரைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தீவைத்தான் பார்த்தார்கள். உங்களில் சிலருடைய தாத்தா, பாட்டியும் அப்படித்தான் வந்திருப்பாங்க.

மாலையில் கொடிமலை, அதாவது புக்கிட் பெண்டேரா. உயரம் 833 மீட்டர். மலை ரயில் 1924-இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் துரைமார் குதிரையில் போனார்கள், இல்லையென்றால் டோலியில். டோலியைத் தூக்கியது மனிதத் தோள். மேலே அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கு, பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். டோலி தூக்கியவர்களும் காவல் நின்ற சிப்பாய்களும் கும்பிட்ட சிறு சந்நிதியாகத் தொடங்கியது இந்தக் கோயில் என்பார்கள். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலைப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காற்று குளிர்ச்சியா இருக்கும், அவசரப்படாம இருங்க. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கடல் தாண்டி ஒரு நீல மலை தெரியும். அதுதான் குனோங் ஜெராய். நாளைக்குப் போக வேண்டிய இடம்.

🔸 மூன்றாம் நாள்: கடாரம்

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று சொன்ன மலை. அதன் அடிவாரத்துக்கும் மெர்போக் ஆற்றுக்கும் இடையில் இருப்பதுதான் பூஜாங் பள்ளத்தாக்கு. பாலம் தாண்டி வடக்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

வாட்சப்பில் "ராஜேந்திர சோழன் கெடாவில் கட்டிய கோயில்கள்" என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கு. தயவு செய்து அதை அனுப்பாதீங்க. ராஜேந்திரன் படை கடாரத்துக்கு வந்தது 1025-இல். அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வழிபாடு இருந்தது. பட்டினப்பாலையில் காழகம் என்ற இடத்திலிருந்து பூம்புகாருக்குப் பொருள் வந்ததாக இருக்கிறது. அது கடாரம்தான் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எழுதினார். படையெடுப்புக்குச் சுமார் இருபது வருடம் முன்னால் கடாரத்து அரசன் பெயரில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. அதற்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். வாள் வந்தது ஒரு முறை. வியாபாரமும் வழிபாடும் வந்து போனது பல நூறு வருடம்.

கட்டியவர்களும் நாம் மட்டும் இல்லை. இந்த மண்ணின் அரசர்கள், இந்த மண்ணின் கைவினைஞர்கள், இந்து, பௌத்தம் இரண்டும். செபராங் பிறையில் 1834-இல் கிடைத்த ஒரு கல்வெட்டு புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனுடையது. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவன் வங்காளத்துப் பௌத்தன். பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பொறித்த கல் அது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் செரோக் தொக்குன் பாறை எழுத்தை இன்றும் நேரில் பார்க்கலாம். போகிற வழியிலோ திரும்பும் வழியிலோ நிறுத்துங்க.

மெர்போக் அருங்காட்சியகத்துக்கு மேலே ஓடை ஓரமாக புக்கிட் பத்து பாஹாட் சண்டி இருக்கு. சண்டி என்றால் மலாயில் பழங்காலக் கோயில். கருவறை, அதற்கு முன்னால் மண்டபம்: பார்த்ததும் நமக்குப் புரியும் அமைப்பு. மேற்கூரை இப்போது இல்லை, கல் சுவரும் தூண்கள் நின்ற அடிக்கற்களும்தான். அந்தக் கட்டடத்துக்கு அடியில் குழிகள் வெட்டிய கல்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே சின்னஞ்சிறு விலைமதிப்புள்ள பொருள்கள். கோயில் கட்டும்போது நாம் இன்றும் அடியில் யந்திரமும் நவரத்தினமும் வைக்கிறோம் இல்லையா? அதைப் போல ஒரு நம்பிக்கையோடு யாரோ வைத்தது.

🔸 இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன்?

2013 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை, ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்ற கட்டுமானத்தை, வீடமைப்புக்காக இயந்திரம் விட்டு இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். தனியார் நிலம், சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்படாத இடம். நாடு முழுக்கக் கோபம் எழுந்தது. நாமும் கோபப்பட்டோம், பகிர்ந்தோம். ஆனால் கோபப்பட்ட நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் அந்த இடத்துக்கு ஒரு தடவையாவது போயிருந்தோம்?

மகாமாரியம்மன் கோயில் இத்தனை வருடம் நிற்பதற்கு ஒரு காரணம், தினமும் யாராவது விளக்கேற்றுகிறார்கள். தண்ணீர்மலை நிற்பதற்குக் காரணம், வருடா வருடம் லட்சக்கணக்கான கால்கள் ஏறுகின்றன. விளக்கும் இல்லாமல் ஆளும் வராமல் கிடந்த கல்லுக்குத்தான் இயந்திரம் வந்தது. ஜனங்கள் வந்து பார்க்கிற இடத்தைத் தொட யாரும் கொஞ்சம் யோசிப்பாங்க.

வெளியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்ம கோயில்களிலேயே திருப்பணி என்று வரும்போது பழைய உபயக் கல், பழைய பெயர்ப் பலகை, தேய்ந்த படிக்கல் எல்லாம் குப்பை லாரியில் ஏறிவிடுகிற ஆபத்து உண்டு. புது டைல்ஸ் பளபளக்கும், யார் கட்டினார்கள் என்பதற்கு அடையாளம் இருக்காது. பெயர் தெரியாமல் போன தண்ணீர் வேலைக்காரரும் டோலிக்காரரும் நமக்கு விட்டுப் போனது இந்தக் கற்கள் மட்டும்தான்.

அதனால வர்றவங்களிடம் மூன்று வேண்டுகோள்.

1️⃣ தண்ணீர்மலை, ஊர் பார்த்த பிறகு அரை நாளாவது மெர்போக்குக்கு ஒதுக்குங்க. பிள்ளைகளைக் கூட்டிப் போங்க. அங்கே கல்லுக்குக் குங்குமம் வைக்காதீங்க, கற்பூரம் ஏற்றாதீங்க, ஏறி நின்று படம் எடுக்காதீங்க. கை கூப்பிட்டு வாங்க, அது போதும்.

2️⃣ எந்தக் கோயிலுக்குப் போனாலும் அங்கே இருக்கும் வயசானவங்களிடம் "இந்தக் கோயிலை யாருங்க ஆரம்பிச்சது?" என்று கேளுங்க. சொல்வதைப் போனில் பதிவு செய்து கோயில் நிர்வாகத்திடமும் கொடுங்க.

3️⃣ உங்க ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தால், ஒரு கல்லை அகற்றும் முன்பு படம் எடுத்து, எழுத்து இருந்தால் படித்து, ஓரமாகப் பத்திரப்படுத்தச் சொல்லுங்க. அதுவும் சாமிக்குச் செய்கிற தொண்டுதான்.

வழி, நேரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்ததைச் சொல்கிறேன். பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள் உங்க படத்தையும் போடுங்க, பார்த்துட்டு இன்னும் நாலு பேர் கிளம்பட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏